போகும் இடம் தெரியாமல் புறப்படச் சொன்னால் எப்படிப் புறப்படுவது?

வெள்ளவத்தை_36 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம், வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவரோடுதான் கதைத்திருக்கிறேன்.

எனக்கு 36 வயது. கொழும்பில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. வெள்ளவத்தையில் வாடகை வீடு, மனைவி, தரம் 2 படிக்கும் மகள், எங்களோடு அம்மா. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவெல்லாம் கிடந்த காலத்தில்கூட வேலை போகவில்லை, அதற்காக இன்றும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் எங்கள் சபையிலிருந்து நாலு பேர் மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று மலை ஏறி ஹட்டன் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். கொப்பிகளும் புத்தகப் பைகளும் கொடுத்துவிட்டு வருவதுதான் திட்டம். பின்னேரம் ஆறரை மணி இருக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் இருபது பிள்ளைகள்வரை இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பல்பு. அதற்கு நேர் கீழே இருந்த இரண்டு வாங்கிலும் பெரிய பிள்ளைகள். சுவரோரமாக இருந்த ஒரு சிறுமி வெளிச்சம் விழும் பக்கமாகக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பின்னக்கணக்கு செய்துகொண்டிருந்தாள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். நான் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு ரொட்டியைப் படமாகக் கீறி, ஆறு துண்டாக்கிக் காட்டினேன். அடுத்த கணக்கைத் தானாகவே சரியாகச் செய்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "சேர், நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் நான் கொழும்பு பஸ்ஸில் இருந்தேன்.

அன்றிலிருந்து ஜெபிக்க முழங்கால் போட்டாலே அந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, கனவும் காணவில்லை. ஆனால் ஒரே மாதத்தில், ஆபிரகாமைப் பற்றிய வசனமான எபிரெயர் 11:8 மூன்று தடவை என் முன்னால் வந்தது. ஒருமுறை நானே வாசித்தபோது, ஒருமுறை பிரசங்கத்தில், ஒருமுறை இது எதுவுமே தெரியாத அம்மா விறாந்தையில் இருந்து சத்தமாக வாசித்தபோது. "தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்." நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அங்கே இருக்கும் போதகரோடு போனில் கதைத்தேன். "வாங்க தம்பி, தங்க ஒரு அறை இருக்கு, சம்பளம்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல, என்ன வேலைங்கிறது வந்த பிறகுதான் நமக்கே தெரியும்" என்றார். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

என் கேள்வி இதுதான். இது ஆண்டவருடைய அழைப்பா, அலுவலக வேலை சலித்துப்போன என் மனதுடைய அழைப்பா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எல்லாம் தெளிவாகும்வரை காத்திருப்பது புத்தியா, கீழ்ப்படியாமையா? போனவர்கள், போக நினைத்தவர்கள் யாராவது இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள்.


பழைய_மெதடிஸ்ட் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை நேற்று இரவு வாசித்துவிட்டு, காலையில் ஆதியாகமம் 12ஐ மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு 71 வயது. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது 75, அதனால் எனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்று என் மனைவியிடம் அடிக்கடி சொல்வேன்.

அந்த அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். முதலாம் வசனத்தில் "நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ" என்றுதான் இருக்கிறது, தேசத்தின் பெயர் இல்லை. கானானுக்குள் வந்து, சீகேம்வரை நடந்து, மோரே என்ற இடத்தில் நிற்கும்போதுதான், ஏழாம் வசனத்தில், "இந்தத் தேசத்தை" என்ற வார்த்தையைக் கர்த்தர் சொல்கிறார். வழியெல்லாம் நடந்து முடித்துக் காலில் அந்த மண்ணின் புழுதி பட்ட பிறகு. நீங்கள் வெள்ளவத்தையில் இருந்துகொண்டே அந்த ஏழாம் வசனத்தைக் கேட்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபிக்க வேண்டாம், நானும் முப்பது வருடம் அதைத்தான் செய்தேன்.

இன்னொன்று. போன உடனே எல்லாம் நன்றாக நடந்ததா? பத்தாம் வசனத்தில் பஞ்சம். சொன்ன தேசத்துக்கு வந்து சேர்ந்தவனுக்குச் சாப்பாடு இல்லை. எகிப்துக்குப் போய், பயத்தில் மனைவியைச் சகோதரி என்று சொல்லி, அவமானப்பட்டுத் திரும்புகிறான். திரும்பி எங்கே வருகிறான் தெரியுமா? 13ஆம் அதிகாரத்தில், பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவே முன்பு கூடாரம் போட்டுப் பலிபீடம் கட்டிய அதே இடத்துக்கு. கர்த்தர் அவனைத் துரத்திவிடவில்லை. கடைசியில் அவன் சொந்தமாக்கிக்கொண்ட நிலம் எவ்வளவு? சாராளை அடக்கம் பண்ண நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த வயலும். அவ்வளவுதான். அந்த நிலத்தை வாங்கும்போதும் தன்னைப் பரதேசி என்றுதான் சொல்லிக்கொண்டான்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1813 டிசம்பர் கடைசியில் தாமஸ் கோக் என்ற வயதான ஊழியர் இளைஞர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குக் கப்பல் ஏறினார். திட்டம், பணம், அறிமுகம் எல்லாம் அவர் பெயரில்தான். 1814 மே 3ஆம் திகதி காலையில் கப்பல் அறையில் அவர் இறந்து கிடந்தார், இந்து சமுத்திரத்திலேயே அடக்கம். அந்தப் பையன்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். தலைவர் இல்லை, கையில் செலவுக்கு வழி இல்லை, முன்னால் பார்த்திராத நாடு. பம்பாயில் ஒரு வியாபாரி நம்பிக் கடன் கொடுத்தார். ஜூன் 29இல் காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் என்பவர் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். அவர் தனியாக மட்டக்களப்புக்குப் போனார், பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த ஏப்ரலில் காய்ச்சலில் இறந்துபோனார். ஒரு வருடம்கூட இல்லை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத்தான் தன் தொடக்க வருடமாகச் சொல்கிறது. நான் அங்கே படித்தவன். காலைக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம், இவ்வளவு கொஞ்ச நாளுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன்.

உங்களுக்கு இடம் தெரியாது, வேலை தெரியாது, சம்பளம் தெரியாது. சரி. கூப்பிடுகிறவரைத் தெரியுமா? பெற்றோல் வரிசையில் உங்களைத் தாங்கினவர்தானே? அதை வைத்துக்கொண்டு யோசியுங்கள் தம்பி.


திரும்பி_வந்தவன் எழுதியது:

ஐயா சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் மற்றப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நான் 2016இல் கொழும்பில் நல்ல வேலையை ஒரே மாத அறிவித்தலில் விட்டேன். கிழக்கில் ஓர் ஊழிய நிறுவனம், பெயர் வேண்டாம். மாதக் கொடுப்பனவு தருவோம் என்று வாயால் சொன்னார்கள். கேட்பது அவிசுவாசம் என்று நினைத்து நான் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. முதல் இரண்டு மாதம் வந்தது, பிறகு "ஜெபியுங்கள் பிரதர்" என்ற பதில்தான் வந்தது. ஒன்பதாம் மாதம் மனைவியின் வளையல் இரண்டும் அடகுக் கடையில். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெறும் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருவாள். அதைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். பதினாலாம் மாதம் திரும்பி வந்தோம்.

திரும்பி வந்து ஒரு வருடம் கோயில் பக்கம் போகவில்லை. கலப்பையில் கை வைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தவன் நான் என்று நினைத்தேன். பிறகு ஒரு வயதான போதகர்தான் அப்போஸ்தலர் 16ஐ எடுத்துக் காட்டினார். பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அங்கேயும் விடவில்லை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியா மனிதன் தரிசனத்தில் வருகிறான். பவுலுக்கே இரண்டு கதவு மூடியிருக்கிறது. அதைக் கேட்டு அவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

ஆகவே தம்பி, போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையாகவே சொல்லவில்லை. ஆனால் கோபுரம் கட்டப் போகிறவன் உட்கார்ந்து செல்லும்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுதான், அது அவிசுவாசம் இல்லை. நீங்கள் கணக்காளர், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம், பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில்தான் முழுதாகக் கையில் வரும். வேலையை விட்டால் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) எடுக்கலாம், ஆனால் அது 3 வீதப் பங்களிப்புத்தான், பெரிய தொகையாக இருக்காது. ஆறு மாதச் செலவைத் தனியாக வையுங்கள். அம்மாவுக்கு என்ன மருந்து, அது ஹட்டனில் கிடைக்குமா, கிளினிக்கை அங்கே மாற்றலாமா என்று பாருங்கள். உங்கள் சபை உங்களை அனுப்புகிறதா, நீங்களாகப் போகிறீர்களா என்பதைக் கேளுங்கள். அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கை வைத்துத்தான் பர்னபாவையும் பவுலையும் அனுப்பியது. நான் ஒருவருக்கும் சொல்லாமல் போனேன், அதனால் நான் விழுந்தபோது தேடி வரவும் ஒருவரும் இருக்கவில்லை.

அந்தப் போதகர் தன்னிடம் சம்பளம் இல்லை என்று நேராகச் சொன்னார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.


கொட்டாஞ்சேனை_அக்கா எழுதியது:

நான் கத்தோலிக்கப் பிள்ளை, இங்கே எழுதலாம்தானே. 36 வயது என்று வாசித்தவுடன் எனக்குப் புனித யோசேப்பு வாஸ் அடிகளார்தான் ஞாபகம் வந்தார். அவர் கோவாவிலிருந்து புறப்பட்டு 1687இல் இலங்கைக்கு வந்தபோது கிட்டத்தட்ட உங்கள் வயதுதான் தம்பி.

அவருக்கும் இது உடனே நடக்கவில்லை. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியில் குருவே இல்லாமல் சனங்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே வர ஆசைப்பட்டார், ஆனால் மேலிடம் அவரை முதலில் கன்னடக் கரைக்கு அனுப்பியது. முகம் சுளிக்காமல் போய் அங்கே சில வருடம் வேலை செய்தார். ஆசை போகவில்லை. அனுமதி கிடைத்த பிறகு ஏழைக் கூலியாள் வேடத்தில், ஒரு பையனை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைச்சலில் விழுந்து சாகக் கிடந்தார். சுகமானதும் யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தபடி போனார், அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறதோ அவர்கள் கத்தோலிக்கர் என்று கண்டுபிடிக்க. பிறகு 1692இல் கண்டிக்குப் போனால் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறை. சிறையில் இருந்துகொண்டே சிங்களம் படித்தார். பெரியம்மை வந்து எல்லோரும் ஊரை விட்டு ஓடினபோது அவர் நின்று நோயாளிகளைப் பார்த்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார், கோவாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை.

2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நான் அங்கே இருந்தேன். முதல் நாள் இரவே மாமியோடு போய்ப் புல்லில் பாய் விரித்துப் படுத்தோம், கடல் காற்றில் மாமிக்கு இருமல் வேறு. காலையில் அறிவிப்பு வந்தபோது மாமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பிச்சைக்காரன் மாதிரி வந்த மனுசன் பிள்ளை" என்று மட்டும் சொன்னா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இப்போது எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

நீங்கள் சலிப்பா அழைப்பா என்று கேட்டீர்கள். எங்கள் பங்குச்சுவாமி ஒருமுறை சொன்னது உதவும் என்று நினைக்கிறேன். சலிப்பு என்றால் இங்கிருந்து போனால் போதும் என்றிருக்கும், எந்த இடமும் பரவாயில்லை. உங்களுக்கு அப்படி இல்லையே. ஒரு சுவர், ஒரு பல்பு, ஒரு பிள்ளை, ஒரு பின்னக்கணக்கு. கன்னடக் கரையில் இருந்தபோதும் வாஸ் அடிகளாருக்கு இலங்கை மனதை விட்டுப் போகவில்லை என்பதை யோசியுங்கள்.


வெள்ளவத்தை_36 எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. "திரும்பி வந்தவன்" அண்ணா, வளையல் பற்றி எழுதினதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னை யாரும் கேட்கவே இல்லையே" என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன் என்பதை அவளைக் கேட்டுவிட்டேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.


தெஹிவளை_ரூத் எழுதியது:

இதற்குத்தான் நான் எழுத வேண்டும்.

2010இல் என் கணவர் முல்லைத்தீவுப் பக்கம் போக வேண்டும், மீள்குடியேறுகிற சனங்களோடு இருக்க வேண்டும் என்றார். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். எனக்கு வயிற்றில் கல். எல்லோரும் என்னிடம் ஆபிரகாமைப் பற்றிச் சொன்னார்கள், அவன் மனைவி சாராயை (பிறகு சாராள் ஆனவளை)ப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது 65 வயது. வேதத்தில் அவள் சொந்த வாயால் பேசுவது முதன்முதலில் 16ஆம் அதிகாரத்தில்தான், அதுவும் பிள்ளை இல்லாத துக்கத்தில். அதுவரை அவள் என்ன நினைத்தாள் என்று எழுதவே இல்லை. நான் அந்தப் பக்கங்களை எத்தனையோ இரவு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

போனோம். தகரக் கூரை, மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. கிணற்றுத் தண்ணீர் சவர், தேத்தண்ணியே வேறு ருசி. நான் ஒரு சூட்கேசை மட்டும் திறக்கவே இல்லை. அதில் என் நல்ல சேலைகளும் மகளின் கொழும்புப் பள்ளிக்கூடச் சீருடையும். கட்டிலுக்குக் கீழே பதினொரு மாதம் இருந்தது. அவர் அதைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

ஒருநாள் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார், யுத்தத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். ஒரு ஞானஸ்நானத்துக்குப் போக உடுக்க ஒன்றும் இல்லை என்றார். நான் குனிந்து அந்தச் சூட்கேசை இழுத்துத் திறந்தேன். நீலச் சேலை, என் கூறைக்கு அடுத்ததாக எனக்குப் பிடித்தது. அவர் கட்டிக்கொண்டு போனார். மிச்சத்தை அன்றே எடுத்து அலுமாரியில் அடுக்கினேன். எனக்கு அழைப்பு வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன், அவருக்கு வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு. எட்டு வருடம் அங்கே இருந்தோம்.

தம்பி, ஈசாக்குக்கு மனைவியாகப் போன ரெபெக்காளைப் பாருங்கள். அவளும் கண்டிராத ஊருக்கு, கண்டிராத மாப்பிள்ளைக்குப் போக வேண்டியவள். ஆனால் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?" அவள் "போகிறேன்" என்றாள். ஒரே வார்த்தை, ஆனால் அவளுடைய வார்த்தை. உங்கள் மனைவியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். அவளுக்காக நீங்களே ஜெபத்தில் பதில் சொல்லிவிட வேண்டாம். ஆண்டவர் உங்களோடு பேசினால் அவளோடும் பேசுவார், அவருக்கு அவளுடைய பெயரும் தெரியும்.


வெள்ளவத்தை_36 எழுதியது:

இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

கேட்டேன். நாலு நாள் பதில் இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை, அது எவ்வளவு கஷ்டம். ஐந்தாம் நாள் இரவு மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, "வேலையை விடுறதைப் பற்றி இப்ப கேட்காதீங்க, டிசம்பர் லீவுக்கு மூணு பேரும் போவோம், நான் அந்தப் பிள்ளையைப் பார்க்கணும்" என்றாள். அம்மாவை மூன்று கிழமைக்கு அக்கா பார்த்துக்கொள்வாள். எங்கள் சபைப் போதகரிடமும் முதல்தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன், அவர் கோபிப்பார் என்று பயந்தேன், அவர் எழும்பி வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக நேற்று நிம்மதியாகத் தூங்கினேன். இன்று அலுவலகத்தில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய பல்பு நாலும் வயரும் வாங்கியிருக்கிறேன்.


தெஹிவளை_ரூத் எழுதியது:

தங்கச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் எடுங்கள், ஒன்று நனைந்தால் அங்கே இலகுவில் காயாது. போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கிவிடும், மஸ்கெலியா பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, அதனால் கொழும்பிலிருந்து விடியற்காலையிலேயே புறப்படுங்கள். அந்தச் சிறுமிக்கு ஒரு நல்ல பென்சில் பெட்டி வாங்கி வையுங்கள், காசு நான் அனுப்புகிறேன்.